வாவியின் இரு கரைகளில் இரண்டு நேரம்

கொழும்புக்கு ஏறத்தாழ இரண்டு பாகை கிழக்கே இருப்பதால், சூரியனைக் கொண்டு கணித்தால் மட்டக்களப்பு வாவியின் கரையிலுள்ள கல்லடியில் நண்பகல் ஏழு நிமிடங்களுக்கு மேல் முந்தி வருகிறது. 1906 சனவரி 1 முதல் கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முந்திய நேரமே இலங்கை முழுவதற்கும் பொதுநேரமான பின், அந்த வேறுபாட்டுக்கு அலுவல் வாழ்வில் இடமில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முன்தள்ளப்பட்ட கடிகாரங்கள் 1945 அக்டோபரில் பழைய நிலைக்குத் திரும்பின.

1996இல் வறட்சியால் நீர்மின் உற்பத்தி குன்றியபோது, மாலை வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தி மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில், அரசு மே 25 அன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னகர்த்தி, அக்டோபர் 26 அன்று அரை மணி பின்னகர்த்தியது. எஞ்சிய அரை மணி 2006 ஏப்ரலில்தான் நீக்கப்பட்டது. அரசுடன் போரிட்டுவந்த விடுதலைப் புலிகள் 1996இன் மாற்றத்தை ஏற்காமல் தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். படுவான்கரை எனப்படும் வாவியின் மேற்குப் புறத்தில் பெரும்பகுதி அவர்களிடமும், கல்லடி அமைந்த எழுவான்கரை அரசிடமும் இருந்த அவ்வாண்டுகளில், 1996 அக்டோபர் 26க்குப் பின், பழைய நேரப்படி காலை 9.00 என்று குறிக்கப்படும் அதே கணம் கல்லடியில் 9.30 ஆக இருந்தது. அந்தப் போரின் வரலாற்றை எழுதுவோர் இந்த அரை மணியைப் பொருட்படுத்தாமல் விட்டால் நிகழ்ச்சிகளின் வரிசையே புரண்டுவிடும்.

கல்லடியின் பதிவுகளைத் தனியே எடுத்துக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. 1996 அக்டோபர் 26 அன்று நள்ளிரவு தாண்டி 12.30க்குக் கடிகாரம் 12.00க்குத் திருப்பப்பட்டதால், நள்ளிரவுக்குப் பிந்திய அரை மணி இருமுறை கழிந்தது; 12.15 என்று மட்டும் எழுதிய குறிப்பு எந்த 12.15ஐச் சுட்டுகிறது என்பதற்கு அக்குறிப்பில் விடை இல்லை.

மின்மானி போன்ற கருவிகளுக்குள் பதிந்து அவற்றை இயக்கும் ஃபர்ம்வேர் என்னும் நிரலிலும் இதே குறை உண்டு. சி மொழியின் ‘டேட்’, ‘டைம்’ என்னும் குறிகள், நிரலைத் தொகுத்த கணினியின் உள்ளூர் நேரத்தை, அது எந்த வலயத்துக்கு உரியது என்று சொல்லாமலேயே நிரலுக்குள் பதித்துவிடுகின்றன. அதனால் ஒரே மூலநிரலை இருமுறை தொகுத்தால் கிடைக்கும் கோப்புகள் வேறுபடுகின்றன. கருவியில் இருப்பது அந்த மூலநிரலிலிருந்து வந்ததுதானா என்று ஒப்பிட்டு உறுதிசெய்ய முடிவதில்லை. 2015இல் வகுக்கப்பட்ட ‘சோர்ஸ் டேட் எபோக்’ என்னும் மாறி, 1970 சனவரி 1 முதல் உலகப் பொதுநேரப்படி எண்ணிய நொடிகளாக ஒரே நேரத்தைத் தொகுப்பானுக்கு அளித்து இக்குறையைக் களைகிறது.

உலகக் கணினிகள் நம்பியிருக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் இலங்கைக்குக் கொழும்பின் பெயரில் ஒரே பதிவுதான் உண்டு. 1996, 2006 மாற்றங்கள் அதில் உள்ளன. படுவான்கரைக்குத் தனிப் பதிவு இல்லை. தமிழ்க் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்வோர் கொல்கத்தாவின் பதிவைப் பயன்படுத்தலாம் என்று அங்கே ஒரு குறிப்பு மட்டும் இருக்கிறது. ஆகவே அந்தப் பத்தாண்டின் கல்லடி ஆவணத்தைக் கொழும்பின் பதிவாலும், பழைய நேரத்தில் எழுதப்பட்ட படுவான்கரை ஆவணத்தைக் கொல்கத்தாவின் பதிவாலும் உலகப் பொதுநேரத்துக்கு மாற்றிய பிறகே இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்க வேண்டும்.