மகள்கள் சுமந்த பட்டம்

1716 பிப்ரவரி 23. லண்டன் டவர் சிறை. மறுநாள் காலை தலை வெட்டப்பட வேண்டிய கைதி ஒருவர் உள்ளே இருக்கிறார். பெயர் நித்ஸ்டேல் பிரபு. நாட்டை இழந்து ஓடிய ஸ்டூவர்ட் ராஜ வம்சத்தை மறுபடி அரியணை ஏற்றப் போகிறோம் என்று கலகத்தில் இறங்கி மாட்டிக்கொண்ட ஸ்காட்லாந்துக்காரர். அவரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க மனைவி வினிஃப்ரெட் வருகிறார், துணைக்குச் சில பெண்களோடு. காவலர்களுக்கு இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. விடிந்தால் விதவையாகப் போகிறவள் நாலு பேரைத் துணைக்கு அழைத்து வருவது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

வந்த பெண்களில் ஒருவர் நல்ல உயரம், நல்ல பருமன். அவருடைய உடுப்பு பிரபுவுக்குப் பொருந்தும். ஆனால் அந்தப் பெண்ணின் புருவம் செம்பட்டை. பிரபுவின் புருவமோ அடர்ந்த கறுப்பு. வினிஃப்ரெட் அதற்கும் சாயம் கொண்டுவந்திருந்தார். தாடியை மழிக்க நேரமில்லை. கன்னமெல்லாம் வெள்ளையும் சிவப்புமாகப் பூசிவிட்டு, முகத்தைக் கைக்குட்டையால் பொத்திக்கொள்ளச் சொன்னார். அழுதுகொண்டே வந்த பெண் அழுதுகொண்டே போகிறாள், யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? பெண்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்ததில் காவலர்களுக்குக் கணக்கு தப்பிவிட்டது. பிரபு பாவாடை சரசரக்க வாசலைத் தாண்டிவிட்டார்.

அதற்குப் பிறகு வினிஃப்ரெட் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தப்பித்தோம் என்று அவரும் ஓடவில்லை. காலி அறைக்குத் திரும்பிவந்து, கணவர் உள்ளே இருப்பதுபோல் பேச ஆரம்பித்தார். தன் குரலில் ஒரு கேள்வி, கணவர் குரலில் ஒரு பதில். பேசிக்கொண்டே அறைக்குள் நடந்தார். ஆள் எட்டப் போயிருப்பார் என்று தோன்றியதும் வெளியே வந்து, உள்ளிருந்து மட்டுமே திறக்க முடிகிற மாதிரி கதவைச் சாத்தினார். எஜமானர் ஜெபத்தில் இருக்கிறார், மெழுகுவத்தி இப்போது கொண்டுபோக வேண்டாம் என்று வேலைக்காரனிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பிறகு கணவனும் மனைவியும் ரோம் நகரத்தில் பல வருடம் வாழ்ந்து இறந்தார்கள். அன்று உதவிய பழுப்பு நிற முக்காட்டு அங்கி ஸ்காட்லாந்தின் ட்ராக்வேர் மாளிகையில் இன்றும் இருக்கிறது.

இந்த வினிஃப்ரெட் போவிஸ் குடும்பத்துப் பெண். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்தப் போவிஸ் பட்டத்தைத்தான். ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும் என்று சாசனத்தில் எழுதி வைத்த பட்டம் அது. கதையைத் தூக்கிச் சுமந்ததோ, தலைமுறைக்குத் தலைமுறை, அந்த வீட்டு மகள்கள்.

வேல்ஸ் எல்லையோரம் வெல்ஷ்பூல் என்று ஒரு சின்ன ஊர். பக்கத்துக் குன்றின்மேல் செந்நிறக் கல்லில் எழும்பி நிற்கிறது போவிஸ் கோட்டை. 13-ம் நூற்றாண்டில் வேல்ஸ் சிற்றரசர்கள் கட்டியது. 1587-ல் அதை எட்வர்ட் ஹெர்பர்ட் விலைக்கு வாங்கினார். இவர் பெம்ப்ரோக் பிரபுவின் இளைய மகன். சொத்தும் பட்டமும் மூத்தவனுக்கே என்பது ஆங்கிலேய வழக்கம். இளையவன் தனக்கொரு இடத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். அவருடைய மகன் 1629-ல் பாரன் ஆனார். அங்கிருந்து குடும்பம் ஏணி ஏறத் தொடங்கியது. அந்த ஏணியில் கீழ்ப்படி பாரன், அதற்கு மேல் வைகவுண்ட், ஏர்ல், மார்க்வெஸ், உச்சியில் டியூக். வினிஃப்ரெட்டின் அப்பா வில்லியம் ஹெர்பர்ட் 1674-ல் போவிஸ் ஏர்ல் ஆகி, 1687-ல் மார்க்வெஸும் ஆகிவிட்டார். அவர் கத்தோலிக்கர். மார்க்வெஸ் பட்டம் கொடுத்த இரண்டாம் ஜேம்ஸ் மன்னரும் கத்தோலிக்கர். மறு வருடமே புரட்சி வந்து ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினார். போவிஸும் பின்னாலேயே போனார். நாடில்லாத ராஜா அங்கே அவரை டியூக் ஆக்கினார். லண்டனில் அதை யாரும் மதிக்கவில்லை. புது மன்னர் வில்லியம் கோட்டையைத் தன் டச்சு உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்.

கோட்டை திரும்பக் கிடைக்க 1722 ஆயிற்று. மூன்றாவது மார்க்வெஸ் கல்யாணம் செய்துகொள்ளாமலே 1748-ல் இறந்தார். அவரோடு பட்டமும் போயிற்று. 'உடலில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கு' என்று மன்னரின் பட்டயத்தில் ஒரு வரி இருக்கும். அந்தச் சங்கிலி அறுந்தால் பட்டம் செத்துவிடும். சுவீகாரம் எடுத்தெல்லாம் காப்பாற்ற முடியாது. ஆனால் மண்ணுக்கும் கோட்டைக்கும் சாவு கிடையாது. அவை ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட் என்ற தூரத்து உறவினரிடம் வந்தன. அவர் புராட்டஸ்டண்ட், ஆளுங்கட்சிக்காரர். உடனே அவர் பெயரில் போவிஸ் ஏர்ல் பட்டம் புதிதாகப் பிறந்தது. ஆனால் பழைய வீட்டுக்கும் இவருக்கும் இருந்த ரத்த உறவு ரொம்ப மெலிசு. அதற்கும் வழி இருந்தது. 1751-ல், தனக்கு ஐம்பது வயது நெருங்கும்போது, கடைசி மார்க்வெஸின் தம்பி மகள் பார்பராவைக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணுக்கு இருபதுகூட ஆகவில்லை. அவளுடைய சம்மதம் எந்த அளவுக்குக் கேட்கப்பட்டிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவர்களுக்கு ஒரு மகன் ஜார்ஜ், ஒரு மகள் ஹென்ரியட்டா. ஜார்ஜுக்கு லண்டன்தான் பிடிக்கும். செலவாளி. கோட்டை ஒழுகிக் கிடந்தது, கடன் ஏறிக்கொண்டே போனது. கல்யாணமும் இல்லை. பட்டம் இரண்டாம் முறை சாகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இந்த இடத்தில்தான் நம் ஊர் உள்ளே வருகிறது.

எல்லையின் இங்கிலாந்துப் பக்கம், ஷ்ராப்ஷயரில், ஒரு சாதாரண நிலக்கிழார் வீட்டுப் பையன் ராபர்ட் கிளைவ். அடங்காப்பிடாரி. 1744-ல் வருடத்துக்கு ஐந்து பவுண்டு சம்பளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாகச் சென்னையில் வந்து இறங்கினான். ஆற்காட்டு முற்றுகை, பிளாசி, வங்காளத்து நவாபின் கஜானா எல்லாம் நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்தவை. அவர் ஊருக்கு எடுத்துப்போன பணம் இங்கிலாந்தையே வாய்பிளக்க வைத்தது. மீர் ஜாஃபர் கொடுத்த ஜாகிர் ஒன்றிலிருந்து மட்டும் வருடத்துக்கு 27,000 பவுண்டு வந்தது. இத்தனை இருந்தும் 1762-ல் அவருக்குக் கிடைத்தது அயர்லாந்துப் பிரபு வரிசையில் ஒரு பாரன் பட்டம்தான். அயர்லாந்துப் பட்டத்துக்கு லண்டன் பிரபுக்கள் சபையில் நாற்காலி கிடையாது. 'கிளேர் மாவட்டத்துப் பிளாசியின் கிளைவ் பாரன்' என்பது பட்டத்தின் முழுப் பெயர். வங்காளத்து மாந்தோப்பின் பெயர் அயர்லாந்து மண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. நாடாளுமன்றத்தில் அவர் சம்பாதித்த விதத்தை நோண்டி நோண்டி விசாரித்தார்கள். 1774 நவம்பரில் லண்டன் வீட்டில் அவர் இறந்தார். சொந்தக் கிராமத்துத் தேவாலயத்தில், அடையாளக் கல்லே இல்லாத குழியில் புதைத்தார்கள்.

அவருடைய மூத்த மகன் எட்வர்ட். பணம் உண்டு, பரம்பரை இல்லை. போவிஸ் வீட்டில் பரம்பரை உண்டு, பணம் இல்லை. 1784-ல் எட்வர்டுக்கும் ஹென்ரியட்டாவுக்கும் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டார் சீதனமாக ஒரு பெயரைக் கொடுத்து, மாப்பிள்ளை வீட்டுக் கஜானாவைத் திறந்துகொண்டார்கள் என்றால் தப்பில்லை.

அப்பா குமாஸ்தாவாக வந்த சென்னைக்கு மகன் 1798-ல் கவர்னராக வந்தார். அப்பாவின் துடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இவரிடம் இல்லை. பேச்சு வராத, மந்தமான ஆள் என்று பிற்காலத்தில் வெலிங்டன் ஆகப்போகிற ஆர்தர் வெல்லெஸ்லி அவரைப் பற்றி எழுதி வைத்தார். பெரிய முடிவுகளை எல்லாம் ஆர்தரின் அண்ணன், கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லிதான் எடுத்தார். ஆனாலும் இந்த மந்தமான மனிதரின் ஐந்து வருடத்தில் தமிழகத்தின் தலையெழுத்தே மாறிப்போனது. 1799 மே மாதம் திப்பு விழுந்தார். அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலேற்றப்பட்டார். 1801 ஜூலையில் ஆற்காட்டு நவாபின் ஆட்சி ஒரு கையெழுத்தோடு முடிந்தது. அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கில் தொங்கினார்கள்.

சென்னை அண்ணா சாலைக்கு உள்ளே தள்ளியிருக்கும் ராஜாஜி மண்டபத்தைத் தலைவர்கள் மறைந்தபோதெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படிக்கட்டும் தூண்களும் இந்த எட்வர்ட் கிளைவ் கட்டியவை, 1802-ல் திறக்கப்பட்டவை. ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கு ஒரு முகப்பு, அப்பாவின் பிளாசி வெற்றிக்கு ஒரு முகப்பு.

கணவர் கோப்புகளோடு இருக்க, ஹென்ரியட்டா 1800 மார்ச்சில் ஊர் சுற்றக் கிளம்பினார். இரண்டு மகள்கள், அவர்களுக்குப் பாடம் சொல்ல அன்னா டொனெல்லி என்ற இத்தாலிய ஓவியர், யானைகள், பல்லக்குகள், மாட்டு வண்டிகள். பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி என்று ஆயிரம் மைலுக்கு மேல் ஏழு மாதப் பயணம். செடி, பறவை, கல் என்று சேர்த்துக்கொண்டே போனார். பன்னிரண்டு வயது சார்லட் நாட்குறிப்பு எழுதினாள். திப்புவின் சீட்டித்துணிக் கூடாரமும், அவருடைய சிம்மாசனத்தில் இருந்த தங்கப் புலித்தலை ஒன்றும் கடைசியில் இந்தக் குடும்பத்திடமே வந்து சேர்ந்தன. பூ வேலைப்பாடு செய்த அந்தக் கூடாரத்தைப் பிற்காலத்தில் கோட்டைத் தோட்ட விருந்துகளுக்கு ஷாமியானா மாதிரி கட்டினார்களாம். போர்க்களத்துக்குப் போன துணிக்கு இப்படியும் ஒரு விதி.

1801 ஜனவரியில் அண்ணன் ஜார்ஜ் இறந்தார். பட்டம் இரண்டாம் முறை செத்தது. சட்டப்படி தங்கை எவ்வளவு நெருங்கிய ரத்தமானாலும் ஏர்ல் ஆக முடியாது. ஆனால் 1804-ல் மன்னர் அவருடைய கணவரைப் போவிஸ் ஏர்ல் ஆக்கினார். மனைவியின் ரத்தத்துக்காகக் கணவன் தலையில் வைத்த கிரீடம்! ஜார்ஜின் சொத்து நேராக அவருடைய மருமகனுக்கு, அதாவது ஹென்ரியட்டாவின் மகனுக்கு. ஒரே நிபந்தனை, அவன் ஹெர்பர்ட் என்ற பெயரை ஏற்க வேண்டும். 1807-ல் அவன் பெயர் மாற்றிக்கொண்டான். கிளைவின் பேரன் கிளைவாக இல்லாமல் போனான். கடனை அடைத்ததும் கூரையை மாற்றியதும் கிளைவின் பணம்தான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லாமல் போக மனமில்லை. மருதிருவரை ஒழித்த 1801-ல், சிவகங்கையில் கௌரி வல்லப உடையத் தேவரை ஜமீன்தாராக வைத்தது இதே எட்வர்ட் கிளைவின் அரசு. 1829-ல் அவர் இறந்தபின் ஜமீன் மகளுக்கா, அண்ணன் வழி ஆண்களுக்கா என்று முப்பது வருடத்துக்கு மேல் வழக்கு நடந்தது. 1863-ல் லண்டன் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியாருக்கே என்று தீர்ப்புச் சொன்னது. நம் ஊர் சாஸ்திரத்தைப் புரட்டிப் பார்த்து மகளுக்குக் கொடுத்த அதே நகரத்தில், போவிஸ் வீட்டு மகள்களுக்கு அந்த நியாயம் கிடையாது.

எட்வர்ட் கிளைவ் எண்பது வயதிலும் காலை ஆறு மணிக்கு வெறும் சட்டையோடு தோட்டம் கொத்திக்கொண்டிருந்தவர், 1839-ல் இறந்தார். மகள் சார்லட் நார்தம்பர்லாந்து டியூக்கைக் கட்டி, பட்டத்து இளவரசி விக்டோரியாவுக்கு ஆசானாக இருந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து அவர் வீட்டில் பூத்த ஆரஞ்சு நிறப் பூவுக்கு, பிறந்த வீட்டுப் பெயரை வைத்து கிளைவியா என்று பெயர் சூட்டினார்கள். ஆண்கள் உதறிய பெயர் ஒரு மகள் வழியாகப் பூவில் தங்கிவிட்டது. இரண்டாவது ஏர்ல் 1847-ல் கேம்பிரிட்ஜ் வேந்தர் தேர்தலில் ராணியின் கணவர் ஆல்பர்ட்டையே எதிர்த்து நின்று 116 வாக்கில் தோற்றார். அடுத்த ஜனவரியில் வேட்டையில் சொந்த மகனின் துப்பாக்கிக் குண்டு தவறிப் பாய்ந்து இறந்தார். மூன்றாமவருக்குக் குழந்தை இல்லை. 1891-ல் தம்பி மகன் ஜார்ஜ் நான்காவது ஏர்ல் ஆனார்.

இவருடைய மனைவி வயலட் சாதாரணப் பெண் அல்ல. 1332-லிருந்து வரும் டார்சி டி நைத் என்ற பழைய பாரன் பட்டம் பல காலம் உரிமையாளர் இல்லாமல் முடங்கிக் கிடந்து, 1903-ல் அவருக்குக் கிடைத்தது. அது வேறு ரகம். பட்டயத்தால் அல்ல, மன்னரின் அழைப்பாணையால் பிறந்தது. அப்படிப்பட்ட பட்டம் மகள்களுக்கும் போகும். கோட்டைத் தோட்டத்தைப் பெரும்பாடுபட்டு மீட்டவரும் வயலட்தான். மூத்த மகன் சோம் போரில் பட்ட காயத்தால் 1916-ல் இறந்தான். கார் விபத்துக்குப் பின் 1929-ல் வயலட் இறந்தார். இளைய மகன் மெர்வின் 1943-ல் விமான விபத்தில் போனார். மிஞ்சியது அவருடைய நாலு வயது மகள் டேவினா.

1952-ல் தாத்தா இறந்தார். கோட்டை நேஷனல் டிரஸ்ட் வசம் போயிற்று. ஏர்ல் பட்டம் டேவினாவைத் தாண்டிக் குதித்து, பங்காளி முறை ஆண் ஒருவரிடம் போயிற்று. பாட்டி வழிப் பட்டம் மட்டும் அவளிடம் இருந்தது. 1963-ல் சட்டம் மாறி, தன் உரிமையில் பட்டம் பெற்ற பெண்களும் பிரபுக்கள் சபையில் உட்காரலாம் என்றானதும் டேவினா உள்ளே போனார். மறு வருடம் ஒரு கார் விபத்தில் கணவர் இறந்தார். டேவினாவுக்குக் கழுத்துக்குக் கீழே செயல் போயிற்று. சக்கர நாற்காலியில் சபைக்குத் திரும்பி, பல பத்தாண்டுகள் மாற்றுத் திறனாளிகளுக்காகப் பேசினார்.

1999-ல் டோனி பிளேர் அரசு பரம்பரைப் பிரபுக்களைச் சபையை விட்டு வெளியேற்றியது. 92 பேர் மட்டும் தங்கலாம் என்றார்கள். எட்டாவது போவிஸ் ஏர்ல் வெளியே வந்துவிட்டார். யார் தங்குவது என்று சபைக்குள் நடந்த தேர்தலில் ஜெயித்துத் தங்கிய பெண்கள் ஐந்தே பேர். அவர்களில் ஒருவர் டேவினா. 2008-ல் இறக்கும்வரை அந்தச் சபையில் இருந்தார்.

(தொடரும்)