முகப்பு விளக்கும் வீட்டு விளக்கும்

தை மாதம் சம்பா அறுவடை மும்முரமாகும்போது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வயல்களில் ராத்திரியிலும் அறுவடை இயந்திரம் ஓடும். நெல் ஏற்றிய டிராக்டர்கள் கொள்முதல் நிலையத்துக்கு இருட்டில் போகும். அவற்றின் ஹெட்லைட்டுக்கும் சாலையோர வீட்டு விளக்குக்கும் ஒயரிங் முறையே வேறு.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். வண்டியில் ஓடுவது 12 வோல்ட் பேட்டரியின் நேர்திசை மின்சாரம். 55 வாட் பல்பு எரிய வீட்டில் கால் ஆம்பியர் போதும். வண்டியிலோ நாலரை ஆம்பியருக்கு மேல் வேண்டும். வீட்டில் அஞ்ச வேண்டியது ஷாக்குக்கு, வண்டியில் ஒயர் சூடாவதற்கு.

ராத்திரி உழவுக்கென்று டிராக்டரில் நான்கு 55 வாட் விளக்குகளைக் கூடுதலாகப் பொருத்தினால் 18 ஆம்பியர் இழுக்கும். வீட்டு விளக்குக்கான மெல்லிய ஒயரும் 6 ஆம்பியர் சுவிட்சும் அதைத் தாங்காது. மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சில் எழும் பொறி தானே அணையும். நேர்திசையில் அந்த வசதி இல்லை. அதனால்தான் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ரிலே வைக்காமல் கூடுதல் விளக்கு மாட்டமாட்டார். சுவிட்ச் வழியாக ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டம் மட்டும் போகும். பெரிய மின்னோட்டம் பேட்டரியிலிருந்து பியூஸ், ரிலே வழியாக நேரே பல்புக்குப் போகும்.

டெல்டாவில் அதிகம் தொல்லை தருவது எர்த். வீட்டில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று ஒயர்கள். எர்த்தில் சாதாரணமாக மின்சாரம் ஓடாது. கசிவு வந்தால் மட்டுமே அதற்கு வேலை. வண்டியிலோ மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதையே இரும்பு பாடிதான். சேற்றுழவில் தண்ணீரும் சேறும் ஏறி எர்த் போல்ட் துருப்பிடித்தால், அந்த ஒரு இடத்திலேயே ஒரு வோல்ட் போய்விடும். வீட்டில் யாரும் கவனிக்காத இழப்பு அது. 12 வோல்ட் ஹாலஜனிலோ வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். இண்டிகேட்டர் போட்டதும் ஹெட்லைட்டும் சேர்ந்து துடித்தால், பல்பை மாற்றுமுன் எர்த் போல்ட்டைக் கழற்றி, தேய்த்து, இறுக்கிப் பார்க்க வேண்டும். சரியான எர்த் கிடைக்காத மின்சாரம் பக்கத்துப் பல்பு வழியாகத் திரும்புவதன் அறிகுறி அது.

வண்டி விளக்கு எல்லாமே நேர்திசையில்தான் எரியும் என்றும் சொல்லிவிட முடியாது. 1980-இல் வந்த டிவிஎஸ் 50 போன்ற மொபெட்டுகளில் என்ஜினோடு சுழலும் மேக்னெட்டோவே ஹெட்லைட்டுக்கு மாறுதிசை மின்சாரம் தந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் வெளிச்சம் கூடும், விட்டால் மங்கும். வோல்டேஜை அடக்கும் ரெகுலேட்டர் கெட்டால், வேகமெடுக்கும்போது பல்பு பியூஸ் போகும்.