பல்லுக்கு வேலி ஈறு

முதுமை வந்தால் பல் விழும் என்பதை நம் மக்கள் இயற்கையின் விதியாகவே கொண்டுவிட்டனர். ஈற்றில் இரத்தம் கசிந்தால் உடற்சூடு என்பர். பல் ஆடினால் வயதாகிவிட்டது என்பர். வயதையன்றி வேறொரு காரணமும் உண்டு என்பதையும், அதனை அகற்றும் வழியையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி. அந்தலுஸ் எனப்பட்ட முஸ்லிம் ஸ்பெயினில், தலைநகர் குர்துபாவின் அருகே கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் நகரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டி நிற்கிறது. கி.பி. 1000-ஆம் ஆண்டையொட்டி அவர் ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் பெருநூலை நிறைவு செய்தார். அதன் 30 பகுதிகளுள் இறுதியானது அறுவை மருத்துவம் பற்றியது; கருவிகளின் படங்களோடு அமைந்தது.

பற்களைச் சுரண்டித் தூய்மை செய்வதற்கென அப்பகுதியில் ஓர் அத்தியாயம் உண்டு. பற்களின் உள்ளும் புறமும், ஈறுகளின் இடையிலும் சொரசொரப்பான செதில்கள் படியும். அவை கறுப்பு, மஞ்சள், பச்சை என நிறம் மாறும். அந்தக் கேடு ஈற்றையும் பற்றும் என்று அவர் விளக்குகிறார். நோயாளியின் தலையை மருத்துவர் தம் மடியில் சாய்த்துக்கொண்டு, செதில் சிறிதும் எஞ்சாதவாறு சுரண்ட வேண்டும். ஒரு நாளில் முடியாவிடில் அடுத்தடுத்த நாள்களிலும் தொடர வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. பல்லின் உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று, இடுக்குக்கு மற்றொன்று என 14 சுரண்டிகளை வரைந்தும் காட்டினார். ஆடும் பற்களைப் பொன் கம்பியால் பிணைக்கும் வகையையும் சொன்னார். 12-ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனா ஜெரார்டு இப்பகுதியை இலத்தீனில் பெயர்த்தார்; ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதனைப் போற்றிப் பயின்றனர்.

எதை நீக்க வேண்டும் என்பதை ஸஹ்ராவி அறிந்திருந்தார். அது ஏன் கேடு செய்கிறது என்பதைக் காண உருப்பெருக்கிக் கண்ணாடி வர வேண்டியிருந்தது. ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் 1683-இல் தம் பல்லிடுக்கு அழுக்கை அக்கண்ணாடியின் வழியே நோக்கி, அதில் நுண்ணுயிர்கள் நெளிவதைக் கண்டு இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவ்வழுக்குக்கும் ஈற்று நோய்க்கும் உள்ள தொடர்பை மனிதரிடம் தெளிவாக நிறுவிய ஆய்வு 1965-இல்தான் வெளிவந்தது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோ என்பவரும் அவர் குழுவினரும், நல்ல ஈறுடைய 12 பேரைப் பல் துலக்காதிருக்கச் செய்தனர். பத்து முதல் இருபத்தொரு நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழன்றது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அழற்சி தணிந்தது.

நுண்ணுயிர்கள் பல்லின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அகற்றாது விட்டால் உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் சேர்ந்து, அது காரையாக இறுகுகிறது. அதன் சொரசொரப்பில் மேலும் நுண்ணுயிர்கள் தங்குகின்றன. ஈறு வீங்கிப் பல்லை விட்டு விலகிப் பையாகிறது. பல்லைத் தாங்கும் எலும்பு மெல்லக் கரைகிறது. தொடக்கத்து அழற்சி முற்றும் குணமாகக் கூடியது; கரைந்த எலும்போ தானாக மீள்வதில்லை. புகைப்பழக்கமும் கட்டுக்கடங்கா நீரிழிவும் இந்நோயை விரைவுபடுத்தும்.

அதே லோ, 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரை ஆராய்ந்தார். தமிழகத்திலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்களே அத்தோட்டங்களில் பெரும்பாலும் உழைத்தவர்கள். ஆய்வுக்கு உட்பட்டோர் தூரிகையால் பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ அறியாதவர்கள். எல்லார் வாயிலும் படலமும் காரையும் இருந்தன. ஆயினும் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 பேருக்கு மிதமாக வளர்ந்தது. 11 பேருக்கு ஈற்றழற்சிக்கு மேல் செல்லவில்லை. 1986-இல் வெளியான இம்முடிவு, அழுக்கு ஒன்றாயினும் உடல்கள் அதை எதிர்கொள்ளும் திறன் வேறு வேறு என்பதை உலகுக்கு உணர்த்தியது. ஸஹ்ராவியின் சுரண்டி ஐரோப்பாவை அடைந்து எட்டு நூற்றாண்டுகள் கடந்த பின்னரும், அத்தகைய மருத்துவம் எட்டாத உழைப்பாளரின் வாயிலிருந்தே மருத்துவ உலகு இப்பாடத்தைப் பெற்றது என்பதை நாம் மறத்தலாகாது.

காரையை எடுத்தால் பல் ஆடிவிடும் என்று அஞ்சி, மருத்துவரை நாடாதோர் நம் இல்லங்களில் இன்றும் உளர். பல்லை ஆட்டுவது மருத்துவர் கருவியன்று. முன்பே எலும்பு கரைந்திருந்ததால் ஆடும் பல்லைக் காரை ஒட்டிப் பிடித்திருக்கும், அவ்வளவே. ஈற்றில் இரத்தம் கசிகிறதே என்று துலக்குவதை நிறுத்துவதும் தவறு. அந்தக் கசிவே நோயின் முதல் அறிவிப்பு. மிஸ்வாக் குச்சியாயினும் தூரிகையாயினும், நாள்தோறும் முறையாகப் பயன்படுத்தினால் மென்படலத்தை நீக்கும். இறுகிய காரையை நீக்க மருத்துவரின் சுரண்டியே வேண்டும். வீட்டிலுள்ள முதியவரின் ஈற்றில் இரத்தம் கண்டால், வயதின் மேல் பழி போடாமல் அவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.