ரயில் கற்றாழை

போன மாதம் என் பேரன் லீவுக்கு வந்திருந்தபோது, மொட்டை மாடி அறையில் நான் கட்டிக்கொண்டிருக்கும் பொம்மை ரயில் பாதையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுக்கு வேலி இல்லையா?" என்று கேட்டான். அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு பாக்கெட் எடுத்துக் காட்டினேன். இங்கிலாந்துத் தயாரிப்பு, வெள்ளை மரச்சட்ட வேலி, பிளாஸ்டிக். அவனுக்குப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் கை வரவில்லை. நான் கட்டுவது 1960களின் முதலியார்பேட்டை. கடலூர் சாலை ரயில்வே கேட், ரோடியர் மில் பக்கம், மீட்டர் கேஜ், நீராவி எஞ்சின். அங்கே வெள்ளை மரச்சட்டத்தை நட்டால், பாவாடை தாவணிக்குத் தொப்பி வைத்த மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் நம் பாதை ஓரத்தில் என்னதான் இருந்தது? யோசிக்கவே வேண்டியதில்லை. கற்றாழை. சோற்றுக் கற்றாழை அல்ல. கத்தி கத்தியாக நீண்டு, நுனியில் கறுப்பு ஊசி வைத்திருக்குமே, அது. அதற்கு நம் ஊரில் பெயரே ரயில் கற்றாழை. செடியின் சொந்த ஊர் மெக்சிகோ. தண்டவாளம் ஓரமாக வரிசையாக நட்டதைப் பார்த்துப் பார்த்து, ஜனங்கள் அதற்கு ரயில் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர் வேண்டாம், மாடு தின்னாது, பக்கக் கன்று விட்டுத் தானே பெருகும். சாகும் முன் ஒரே ஒரு முறை கம்பம் போலத் தண்டு விட்டுப் பூக்கும். அந்த மடல்களில் முள்ளால் பெயர் எழுதாத பையன் எங்கள் தெருவில் கிடையாது. செடி வாழும் வரை எழுத்தும் இருக்கும். பரீட்சையில் தேறாதவன் பெயர்கூட அங்கே அழியாமல் இருந்தது.

முள்வேலி புதுச்சேரிக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டில் ஊரைச் சுற்றிக் கற்றாழை, முள்செடிகள், இடையிடையே தென்னை, பனை என்று ஓர் எல்லை வேலி வளர்த்து, நடுவே சிறு கோட்டைகளும் வைத்திருந்தார்கள். 1760 செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி கூட் முதலில் பிடித்தது அந்த வேலியைத்தான். ஊர் விழுந்தது அடுத்த ஜனவரியில். வடக்கே ஆங்கிலேயர்கள் உப்பு வரிக்காக நூற்றுக்கணக்கான மைல் முள்வேலி வளர்த்தார்கள். அந்தச் சுங்கக் கோட்டைக் கைவிட்டது 1879இல். அதே 1879இல்தான் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தது. சுமார் 38 கிலோமீட்டர். வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று ஆங்கிலேயர் மண்ணில் புறப்பட்டுப் பிரெஞ்சு மண்ணில் முடியும் பாதை.

இங்கேதான் சுவாரசியம். அந்த இரண்டு நாடுகளும் தங்கள் சொந்த ஊரில் ரயிலுக்கு வேலி கட்டாயம் என்று சட்டம் போட்டது ஒரே ஆண்டில், 1845இல். பிரான்சில் பாதையின் முழு நீளத்துக்கும் இருபுறமும் அடைப்பு இருக்க வேண்டும் என்றது சட்டம். இங்கிலாந்தில், பக்கத்து நிலத்துக்காரரின் ஆடு மாடு உள்ளே வராதபடி வேலி போட்டுப் பராமரிப்பது ரயில் கம்பெனியின் பொறுப்பு. அங்கே பொம்மை ரயில் கட்டுகிறவர்கள் வேலிக்கு அவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான். வேலி இல்லாத பாதை அவர்கள் கண்ணுக்கே உறுத்தும்.

இந்தியாவுக்கு வந்தபோது சட்டம் இளகிவிட்டது. 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில், அரசு சொன்னால் வேலி போட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் இன்னொரு பிரிவும் இருந்தது. மாடுகளைத் தடுக்கத் தகுந்த வேலி உள்ள பாதையில் மாடு புகுந்தால், மாட்டுக்காரருக்குத் தலைக்கு 5 ரூபாய் வரை அபராதம். நன்றாகக் கவனியுங்கள். "வேலி உள்ள பாதையில்". அங்கே ரயில்காரரின் கடமையாக இருந்த வேலி, இங்கே மாட்டுக்காரரின் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

இதெல்லாம் நான் ஓய்வு பெற்ற பிறகு படித்தது. எங்கள் ஆயா படிக்காமலே தெரிந்துவைத்திருந்தாள்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் போனால் மில்லுக்குக் குறுக்கு வழி. கேட்டைச் சுற்றிப் போனால் கால் மணி நேரம் கூடுதல். ஆயா முதலில் கயிறு திரிக்க நாருக்காக இரண்டு கற்றாழையை அடியோடு வெட்டினாள். (ஊறவைத்த மடலைக் கசக்கினால் கை முழுக்க அரிக்கும். அந்தக் கயிறு மட்டும் அறவே அறாது.) அந்தச் சந்தில் அப்பா போனார். பின்னாலேயே தெருவே போனது. சங்கு ஊதும் நேரத்தில் அது கடைவீதி மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் சந்து ஒரு வாசல் அளவுக்கு அகன்றுவிட்டது.

ஒருநாள் சாயங்கால வண்டிக்கு எங்கள் செவலைப் பசு போய்விட்டது. சினையாக இருந்தது. வீட்டில் பாதி வருமானம் அதன் பால்தான். கேங்மேன் வந்து இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். "வேலி இருக்குதே, அப்புறம் மாடு எப்படிம்மா உள்ள வந்துது?" என்று கேட்டார். எதற்கும் பதில் வைத்திருக்கும் ஆயா அன்று வாயே திறக்கவில்லை. நல்ல மனிதர், அதற்கு மேல் கேட்காமல் போய்விட்டார். மறுநாள் விடியலில் ஆயா பக்கக் கன்றுகளைப் பிடுங்கி வந்து தன் கையாலேயே சந்தை அடைத்தாள். மூன்றே வாரம். பத்தடி தள்ளிப் புதுச் சந்து வந்துவிட்டது. அதில் முதல் ஆளாகப் போனவர் எங்கள் அப்பாதான். வேறென்ன செய்வார்? சங்கு ஆயாவுக்காக நிற்காதே.

இன்றைக்கும் கதை மாறிவிடவில்லை. 2022 அக்டோபரில் மும்பையிலிருந்து காந்திநகர் போன வந்தே பாரத் எருமைகள் மீது மோதி மூக்குடைந்தது நினைவிருக்கும். அதன் பிறகு மும்பை - அகமதாபாத் பாதையில் 600 கிலோமீட்டருக்கு மேல் இரும்பு வேலி போட்டார்கள். நம் பக்கம் மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்தாகிவிட்டது. மில்லும் 2020இல் மூடிவிட்டார்கள்.

சரி, மாடி அறைக்கு வருகிறேன். என் பலகை எட்டடி. 87இல் ஒரு பங்கு அளவில், நிஜப் பாதையில் 212 மீட்டர்தான் அதில் அடங்கும். கம்பி வேலி கொஞ்சம், கற்றாழை மிச்சம் என்று பிரித்துக்கொண்டேன். ஊதுபத்திக் குச்சியை 14 மில்லிமீட்டர் உயரம் நிற்கும்படி நறுக்கிக் கல் கம்பம் ஆக்கினேன். 35 மில்லிமீட்டருக்கு ஒன்று. முதலில் மேலாக ஃபெவிகால் வைத்து ஒட்டினேன். சட்டைக் கை பட்டதும் வரிசையாகச் சாய்ந்தது. பிறகு ஒவ்வொன்றுக்கும் சின்னத் துளை போட்டுப் பசை தொட்டு இறக்கினேன், அசையவில்லை. கம்பிக்குத் தையல் நூல் வேண்டாம், நம் கடற்கரை ஈரத்தில் தொய்ந்துவிடுகிறது. எரிந்துபோன மிக்ஸி மோட்டாரின் செம்புக் கம்பி நன்றாக விறைப்பாக நிற்கிறது. ஜல்லி ஒட்டி, எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் வேலி. முன்னாலேயே நட்டால் நம் கையே அதை உடைக்கும். தண்டவாளத்தை ஒட்டியும் நடக்கூடாது. வளைவில் பெட்டி வெளியே தள்ளி வந்து இடிக்கும். அதோடு, ரயில் வேலி ரயில்வே நிலத்தின் ஓரத்தில் இருப்பது, தண்டவாளத்தின் ஓரத்தில் அல்ல. கற்றாழைக்குப் பச்சை அடித்த கெட்டி டிராயிங் பேப்பர். பூத்தண்டுக்கு ஏழு சென்டிமீட்டர் தென்னை ஈர்க்கு.

சந்தையும் வைத்தேன். வேலி முழுக்க நட்டு முடித்துவிட்டு, எங்கள் வீடு இருந்த இடத்துக்கு நேராக இரண்டு செடியைப் பிடுங்கினேன். பேரன், "ஏன் தாத்தா பிய்க்கிறே?" என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கீழே போய்த் தன் விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு மாடு கொண்டுவந்தான். பிளாஸ்டிக், அளவுக்குச் சற்றுப் பெரிது, அதுவும் கறுப்பு வெள்ளை. பரவாயில்லை என்று வாங்கிச் செவலை வர்ணம் பூசி, சந்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வேலிக்கு வெளியே, முகம் வீட்டைப் பார்க்கும்படி ஒட்டிவிட்டேன்.