இரண்டு சூரிய உதயம் பார்த்த பயணிகள்

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலைக்கு நேர்கோட்டில் சுமார் 5,600 கிலோமீட்டர். இன்றைய ஜெட் வேகத்தில் கணக்குப் போட்டால் ஏழு மணி நேரத்துக்குள் முடிகிற விஷயம். 1943-ல் எவ்வளவு ஆச்சு தெரியுமா? 27 மணி நேரத்துக்கும் மேலே! ஒருமுறை 32 மணி 9 நிமிஷம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனதும் ஆஸ்திரேலியா-இங்கிலாந்து விமானப் பாதை அறுந்துபோச்சு. அதை ஒட்டவைக்க 1943 நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கேடலினா கடல் விமானங்களை இறக்கியது. பெர்த்தில் ஸ்வான் ஆறு, இந்தப் பக்கம் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலை ஏரி... இவைதான் ஓடுதளங்கள்.

வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் சொச்சம். எரிபொருளே பெரும்பாரம் என்பதால் பயணிகள் மூன்று பேர்தான், கூடவே 69 கிலோ தபால். ஆபத்தான பகுதியை இருட்டில் தாண்டணும், ரேடியோவில் வாயே திறக்கக்கூடாது. நட்சத்திரத்தைப் பார்த்துத்தான் வழி. அதனாலோ என்னவோ, விமானங்களுக்கும் ரிகெல், வேகா என்று நட்சத்திரப் பெயர்கள்! புறப்பட்ட புதிதில், முழு பாரத்தோடு இருக்கும்போது ஒரு எஞ்சின் நின்றாலும் கதை முடிஞ்சுது.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிக்கும். அதைப் பார்த்தவர்களுக்குச் சான்றிதழே கொடுத்தார்கள்.

1945 ஜூலை வரை 271 முறை கடலைத் தாண்டினார்கள். ஒரு விமானம்கூட விழவில்லை. ஆனால் போர் முடிந்ததும் ஐந்தையும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். எதிரியால் முடியாததைச் சொந்தக்காரர்களே செய்தார்கள், பாருங்க!