முத்திரைக்குக் கீழே

திருவெறும்பூரில் வளர்ந்தவனுக்குத் துப்பாக்கி என்றால் ஷிப்டும் குவார்ட்டர்ஸும்தான். 1966ல் வந்த துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த 7.62 மி.மீ. 1ஏ1 ரைபிளே பெல்ஜியத்து எஃப்.ஏ.எல்.லின் நகல். அதனால் 'அசல்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும்.

ஜெர்மன் ஸ்னைப்பர் ரைபிள் விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்து மவுசர் கே98கே அசலா என்பதைச் சேகரிப்பாளர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? ரைபிளின் எண்ணும் தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டின் எண்ணும் ஒத்துப்போகணும். கழுகுச் சின்னத்தோடு ராணுவ ஆய்வாளன் குத்திய முத்திரை இருக்கணும். போருக்குப் பிந்தைய போலி பெரும்பாலும் சாதா ரைபிளில் துளைபோட்டுப் புது மவுண்ட் மாட்டியது. துளை விளிம்பில் பழைய கருநீலப் பூச்சு அறுபட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அப்புறம் ஆலைக் குறி. 'பிசிடி' என்றால் வைமார் நகரத்து குஸ்ட்லோஃப். இந்த மூன்றெழுத்தும் சரியாக விழுந்திருந்தால்தான் விலை. அதே கம்பெனி 1943ல் புக்கன்வால்ட் வதைமுகாமை ஒட்டியே ஆலை போட்டது. ரைபிள் வேலைக்குக் கைதிகள். 1944 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டபோது நூற்றுக்கணக்கில் செத்ததும் அவர்கள்தான்.

ஆக, அசலுக்குச் சாட்சி ஆய்வாளனின் குத்து. கடைந்தவனுக்கு அதில் ஒரு கீறல்கூட இல்லை. போலியைச் செய்தவனாவது கூலி வாங்கியிருப்பான்!

எங்கள் ஊர் 1ஏ1லும் எண் உண்டு, ஃபிட்டர் பெயர் கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அயோக்கியத்தனம். இங்கே சம்பளம் உண்டு, சங்கம் உண்டு. 2021ல் ஆலையைக் கம்பெனியாக்கியபோது அந்தச் சங்கங்கள் எதிர்த்தன. வேலைநிறுத்தத்துக்குத் தடைச்சட்டம் வந்தது.