சட்டம் மாறியது, பாடம் இரட்டிப்பானது: குற்றவியல் சட்ட அறிமுக வகுப்பில் கற்பவை

துவாரகா (தில்லி): இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக, பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. ஆயினும், துவாரகா 14-ஆவது செக்டாரில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்திலோ, நாட்டின் வேறொரு சட்டக் கல்லூரியிலோ இன்று குற்றவியல் சட்டம் பயிலத் தொடங்கும் மாணவர், 1860-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தையும் அறிந்தே ஆகவேண்டும்.

செயல் நிகழ்ந்தபோது அமலில் இருந்த சட்டத்தின்படியே ஒருவரைத் தண்டிக்க முடியும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 20(1)-ஆவது பிரிவு. எனவே, 2023-இல் நடந்த கொலைக்கு இன்றும் 302-ஆவது பிரிவே பொருந்தும். 2025-இல் நடந்த கொலைக்கு 103(1). மோசடிப் பேர்வழியைக் குறிக்கத் தமிழர் பேச்சிலும் புழங்கும் '420', புதிய சட்டத்தில் 318(4) ஆகியுள்ளது. பேச்சுவழக்கு அத்தனை விரைவில் மாறாது.

இந்தச் சீர்திருத்தத்துக்கும் துவாரகாவுக்கும் தொடர்புண்டு. குற்றவியல் சட்டங்களை மறுஆய்வு செய்ய மத்திய உள்துறை அமைச்சகம் 2020-இல் அமைத்த குழுவுக்கு, இப்பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தர் ரண்பீர் சிங் தலைமை வகித்தார். 511 பிரிவுகள் 358 ஆகக் குறைந்தன. புதிய சட்டங்களை 2024-25 கல்வியாண்டு முதல் பாடத்திட்டத்தில் சேர்க்குமாறு இந்திய பார் கவுன்சில் அறிவுறுத்தியது.

எண்கள் மாறினாலும் அடிப்படைக் கேள்வி மாறவில்லை: செயலோடு குற்ற மனமும் இருந்ததா? அறிமுக வகுப்பின் கடினமான பகுதி, கொலைக்கும் 'கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும்' இடையிலான வேறுபாடே. முன்னதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. பின்னதற்கு, மரணம் நேரலாம் என்ற அறிவு மட்டுமே இருந்து, கொல்லும் நோக்கம் இல்லாவிடில், அதிகபட்சம் 10 ஆண்டுகள். ஓர் உயிர் தூக்குமேடைக்குப் போகுமா என்பதைச் சில சொற்களின் பொருளே தீர்மானிக்கிறது.

1876-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் விசாரித்த கோவிந்தா வழக்கில், கணவன் தாக்கியதில் இளம் மனைவி இறந்தார். அந்தக் காயம் இயல்பாகவே உயிரைப் பறிக்கப் போதுமானதல்ல எனக் கருதிய நீதிமன்றம், அதைக் கொலையாகக் கொள்ளவில்லை. 1958-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த விர்சா சிங் வழக்கிலோ, வயிற்றில் ஒரேயொரு ஈட்டிக் குத்துதான். கொல்லும் எண்ணம் நிறுவப்பட வேண்டியதில்லை. அந்தக் காயத்தை ஏற்படுத்தும் நோக்கமும், மரணம் விளைவிக்க அது போதுமானதாய் இருந்ததுமே கொலைக்குப் போதும் என்றார் நீதிபதி விவியன் போஸ். மனைவியை அடித்துக் கொன்றவனுக்குக் கிடைத்த சலுகை இன்றைய வாசகருக்கு உறுத்தலாம். எனினும் சன்ஹிதாவின் 100, 101-ஆவது பிரிவுகளைப் படிப்பதற்கும் இவ்விரு தீர்ப்புகளே வழி.

கும்பல் கொலை, வழிப்பறி, அமைப்புசார் குற்றம் ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகளும், சிறு குற்றங்களுக்குச் சமூக சேவைத் தண்டனையும் புதியவை. நூலில் அச்சாகியும் அமலுக்கு வராத பிரிவும் ஒன்றுண்டு. விபத்தில் மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் தராமல் தப்பும் ஓட்டுநருக்கு 10 ஆண்டுகள் வரை சிறை என்னும் 106(2)-ஐ, லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பின், 2024 பிப்ரவரி அறிவிக்கையில் மத்திய அரசு விலக்கி வைத்தது.